கஜாவில் சாய்ந்த தென்னைகளும் 87 ஆள்நாளும்: ஒரு மாட்டுக்கொட்டகையின் கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் தோப்பு அங்கிருந்து தென்மேற்கே, பேராவூரணிப் பக்கம். காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. நடுராத்திரிக்கு மேல் மேற்கிலிருந்து வீசியது. விடியும் நேரத்தில் தெற்கிலிருந்து தள்ளியது. வெளிச்சம் வந்து பார்த்தபோது அப்பா நட்ட தென்னையில் பாதிக்கு மேல் வேரோடு கிடந்தது. கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் நாலு கவைக்கால் மட்டும் நின்றது. மாடுகளை ராத்திரியே கயிறு அவிழ்த்து விட்டிருந்தோம், அதனால் பிழைத்தன.

அடுத்த வருஷம் அந்த இடத்தில் 36 அடிக்கு 18 அடியில் ஒரு கொட்டகை எழுப்பினோம். கால், உத்திரம், கூரைச் சரிவைத் தாங்கும் கைமரம் எல்லாம் விழுந்த தென்னையிலிருந்து வந்தவை. உழைப்பில் பெரும்பகுதி அக்கம்பக்கத்தாரும் பழைய பள்ளிக்கூட நண்பர்களும் கொடுத்தது. எங்களை மாதிரி நாலு பேரைக் கூப்பிட்டுக் கொட்டகை போட நினைப்பவர்களுக்கு உதவும் என்று, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மரம் கிடைத்த விதம்

தென்னைக்கு நிவாரணமாக மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்திருந்தது. வியாபாரிகள் செங்கல் சூளைக்கு என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். நாற்பது வருஷம் காய்த்த மரம் சூளையில் எரிவதை நினைக்கவே மனசு வரவில்லை. பக்கத்துத் தோப்பு மாமாவும், "எம் மரத்துலயும் வேணுங்கிறத எடுத்துக்க தம்பி, எரிக்கிறதுக்குப் பதிலா நிக்கட்டும்" என்றார்.

தென்னை மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் கெட்டியான வயிரம் வெளிப்பக்கம் இருக்கிறது, நடுப்பகுதி மெத்தென்ற சோறு. அடிமரத்திலிருந்து பாதி உயரம் வரை நன்றாக இறுகியிருக்கும், மேலே போகப் போக வேலைக்கு ஆகாது. வயசான மரம்தான் வீட்டு வேலைக்கு உதவும். அதனால் நாற்பது வயசுக்கு மேற்பட்டதாகப் பார்த்து அடையாளம் வைத்தோம். அறுவை மில்லில் முதலில் வாங்கவே தயங்கினார்கள். தென்னை ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், நாலு மரம் அறுப்பதற்குள் பல் தீட்ட வேண்டும். கூடுதல் கூலி பேசித்தான் அறுத்து வாங்கினோம்.

மரத்தை நகர்த்துவதுதான் நண்பர்கள் செய்த முதல் வேலை. இரண்டு நாள், நாளுக்கு எட்டுப் பேர். அறுத்த சட்டங்களைப் புளியமரத்து நிழலில் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் குச்சி கொடுத்துக் காற்றோட்டமாக வைத்தோம். நாலு மாசம் அப்படியே காய்ந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெயை இரண்டு கை பூசினோம். கறையானுக்கு அது ஆகாது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், உறை போட்டுக்கொண்டுதான் பூச வேண்டும்.

பச்சையாக அறுத்த மரத்தை அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் ஆறே மாசத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும். அதுவரை மாடுகள் தார்ப்பாய்க்குக் கீழேதான் நின்றன. கஷ்டம்தான், ஆனாலும் காத்திருந்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

எப்படிப்பட்ட கொட்டகை

எங்கள் ஆசாரி கஜாவுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் விழுந்த கூரைகளைப் பார்த்தவர். இரண்டு பக்கம் சரிந்து, இரண்டு பக்கம் முக்கோணமாக நிற்கும் கூரையைக் காற்று அந்த முக்கோணத்தில் பிடித்துக் கிழித்திருக்கிறது என்றார். நாலு பக்கமும் சரிவு கொடுத்தால் எந்தத் திசைக் காற்றும் வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஒரே ராத்திரியில் மூன்று திசைக் காற்றைப் பார்த்திருந்ததால் எனக்கு அதில் வாதம் இல்லை.

முகட்டை உத்திரத்திலிருந்து நாலரை அடி உயர்த்தினோம். பாதி அகலம் 9 அடி என்பதால் சரிவு சரியாக ஒன்றுக்குப் பாதி. கூரை வெளியே நீட்டுவதை ஒன்றரை அடியோடு நிறுத்தினோம். மழைச்சாரலுக்கு இன்னும் நீட்டலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நீளமான தாழ்வாரம் காற்றுக்குக் கைப்பிடி மாதிரி, ஆசாரி விடவில்லை.

தென்னங்காலை மண்ணில் புதைத்தால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடி இற்றுவிடும். அதனால் 14 காலுக்கும் கான்கிரீட்டில் குட்டைத் தூண் போட்டு, அதன் தலையில் இரண்டு இரும்புப் பட்டைகளை நிறுத்தி, நடுவில் தென்னங்காலை வைத்து போல்ட் போடுவது என்று முடிவு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் மரம் ஆரம்பிக்கும். மாட்டு மூத்திரமும் கழுவும் தண்ணீரும் மரத்தைத் தொடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கறவை மாடு ஒன்றுக்குக் கூரைக்குக் கீழே மூன்றரை சதுர மீட்டராவது இடம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்களிடம் ஐந்து மாடு. 24 அடி நீளத்தை அவற்றுக்கு விட்டு, மிச்சம் 12 அடியைத் தேங்காய்க்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் அடைத்தோம். நீளவாட்டை கிழக்கு மேற்காக வைத்தோம், வெயில் உள்ளே அதிகம் ஏறாது.

வெள்ளிக்கிழமை நடந்த தவறு

2019 ஏப்ரல் 18 வியாழக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல். மறுநாள் புனித வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறு. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் நண்பர்கள் ஓட்டுப் போட ஊருக்கு வந்திருந்தார்கள். இதைவிட நல்ல நாள் அமையாது என்று வெள்ளிக்கிழமை காலை குழி தோண்ட எல்லோரையும் வரச் சொன்னேன். பதினொரு பேர் வந்தார்கள். ஆறு மணிக்கே கடப்பாரையோடு நின்றவர்களைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த உற்சாகத்தில்தான் தவறு செய்தேன். முந்தின நாள் சாயங்காலம் நானே நைலான் கயிறு பிடித்து, ஆறு எட்டு பத்து அடிக் கணக்கில் (இந்த அளவில் முக்கோணம் அமைந்தால் மூலை செங்கோணம்) மூலை மட்டம் எடுத்து முளை அடித்திருந்தேன். கொத்தனார் எட்டு மணிக்குத்தான் வருவார். வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க மனமில்லாமல் தோண்டச் சொல்லிவிட்டேன். அவர் வந்து சேர்வதற்குள் தெற்கு வரிசையில் இரண்டு குழி மூன்றடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

கொத்தனார் வந்ததும் ஒன்றும் பேசாமல் இரும்பு டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தார். 36க்கு 18 என்றால் இரண்டு குறுக்களவும் 40 அடி 3 அங்குலம் வர வேண்டும். ஒன்று 40 அடி 7 அங்குலம், மற்றது 39 அடி 11. நைலான் கயிறு இழுத்த இழுப்புக்கு நீண்டிருக்கிறது. தெற்கு வரிசை மொத்தமும் நாலரை அங்குலம் கிழக்கே தள்ள வேண்டும்.

"குழி ரெண்டரை அடி அகலம் இருக்குல்ல அண்ணே, தூணை மட்டும் உள்ளேயே தள்ளி வச்சுக்கிட்டா என்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். கொத்தனார் மறுத்துவிட்டார். அடியில் போடும் கான்கிரீட் பலகைக்கு நடுவில் தூண் நிற்க வேண்டும், ஓரத்தில் நின்றால் பாரம் ஒரு பக்கமாக இறங்கும், காற்று இழுக்கும்போது அந்தப் பக்கம் தூக்கும் என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு குழியையும் அகலப்படுத்தி, தளர்ந்த மண்ணை வாரி எறிந்து, மறுபடி கெட்டித்தோம். திருப்பூரிலிருந்து வந்தவன் உள்ளங்கை கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது. முகம் சுளிக்காமல் துண்டைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தான். என் அவசரத்துக்கு அவன் கை பட்ட பாடு அது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆள் வருவதற்கு முந்தின நாளே கொத்தனாரை வைத்து மட்டம் பார்த்து, குறுக்களவு சரியாக இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாக அளந்திருக்க வேண்டும். வேலை தெரிந்த ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுப்பதில் சிக்கனம் பார்த்தால், கூலி வாங்காமல் வருகிறவர்களின் உழைப்பு வீணாகும். கூலிக்காரர் வேலை வீணானால் பணம் போகும். நண்பன் வேலை வீணானால் அடுத்த தடவை கூப்பிடும்போது நமக்கே நாக்கு எழாது.

சனிக்கிழமை ஒன்பது பேரோடு கான்கிரீட் போட்டோம். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை, 25 மூட்டை சிமெண்ட். பட்டைகள் நட்டக்குத்தலாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடிப்பது மட்டும் கொத்தனார் கையில். ஜல்லி சுமப்பது, கலவை கிண்டுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் எங்கள் கையில். இந்தப் பிரிவினை அன்றிலிருந்து கடைசி வரை மாறவில்லை.

ஃபானி வந்த வாரம்

கான்கிரீட்டுக்குச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வாரத்தில் ஃபானி புயல் செய்தி வந்தது. முதலில் தமிழகக் கரைப் பக்கம் வரலாம் என்ற பேச்சு இருந்ததால் ஊரே நடுங்கிப் போனது. கஜா அடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. அடுக்கி வைத்த சட்டங்களைப் புளியமரத்தோடு சேர்த்துக் கட்ட மாமா வீட்டு ஆட்கள் சொல்லாமலே வந்து நின்றார்கள். புயல் வடக்கே திரும்பி மே 3ஆம் தேதி ஒடிசாவில் பூரி அருகே கரையேறியது. நமக்குத் தப்பியது என்று நிம்மதிப்பட முடியவில்லை. அங்கே யாருடைய கொட்டகை பறந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

கால் நிறுத்திய நாள்

மே 5, ஞாயிற்றுக்கிழமை. அக்னி நட்சத்திரம் முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. அதனால் ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அன்று பதினேழு பேர்.

அதற்கு முன் ஆறு நாள் ஆசாரியும் அவர் தம்பியும் எல்லா மரத்தையும் அளந்து வெட்டி, துளை போட்டு, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஆறு நாள்தான் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியது. பதினேழு பேர் நிற்கும்போது எந்தச் சட்டம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் வெயில்தான் ஏறும்.

இரண்டு கால், மேலே 18 அடி உத்திரம், இதைத் தரையிலேயே பூட்டி ஒரு ஜோடியாக்கினோம். மொத்தம் ஐந்து ஜோடி. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்குக் குறையாது. காலடியைக் குட்டைத் தூண் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, நாலு பேர் தோளில் தூக்க, இரண்டு பேர் சவுக்குக் கவட்டையால் உத்திரத்தை மேலே தள்ள, முன்னால் ஆறு பேரும் பின்னால் நாலு பேரும் கயிறு பிடித்தார்கள். பின் கயிறு முக்கியம். ஜோடி நேராக நிமிரும் கணத்தில் முன் பக்கம் சாயப் பார்க்கும், அப்போது பிடிக்கிறவர்கள் அவர்கள்தான்.

கட்டளை ஒரே வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று ஆசாரி முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்பை மாமாவிடம் கொடுத்தோம். அறுபத்தெட்டு வயசு, கையில் தூக்குக்குண்டு. "பின் கயிறு தளரக் கூடாதுப்பா... இன்னும் ஒரு முழம்... நில்லு, நில்லு... ம், இறக்கு." முதல் ஜோடியின் கால் இரண்டும் இரும்புப் பட்டைக்கு நடுவில் இறங்கி, போல்ட் துளைக்குள் உரசிக்கொண்டு போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆளாளுக்குக் கத்தினார்கள்.

மூன்றாவது ஜோடியில் துளை அரை அங்குலம் இடித்தது, கான்கிரீட் போடும்போது ஒரு பட்டை சாய்ந்திருக்கிறது. பத்துப் பேர் மூச்சுப் பிடித்து நிற்க ஆசாரி அங்கேயே துளையைப் பெருக்கினார். பத்தரை மணி என்று சொன்னது பதினொன்றே கால் ஆனது. ஐந்து ஜோடியும் மிச்ச நாலு காலும் நின்று, குறுக்குச் சட்டம் அடித்து, முகட்டு வளை ஏறிவிட்டது.

கூரையில் இரும்புப் பட்டையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த கொட்டகைகளில் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கைமரத்தை உத்திரத்தில் வைத்து ஆணி அடித்தால் பாரம் தாங்கும். ஆனால் புயல் கூரையை மேலே இழுக்கும், ஆணி போன வழியிலேயே உருவிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு கைமரத்தையும் சுற்றி உத்திரத்தோடு சேர்த்துப் பட்டை போட்டு போல்ட் முடுக்கினோம். உத்திரம் காலோடு, கால் பட்டையோடு, பட்டை கான்கிரீட்டோடு. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண்.

மே 12இல் பத்துப் பேர் சேர்ந்து கூரைத் தகடு ஏற்றினோம். ஓர வரிசையில் தகட்டு நெளிவின் மேட்டுக்கு மேடு திருகாணி, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. திருகுவதற்குக் கூலி ஆள், எடுத்துக் கொடுப்பதற்கு நாங்கள். மாமாவின் பேரன், பதினாலு வயசு, கீழே நின்று ரப்பர் வாஷர் கோத்த திருகாணிகளை வாளியில் போட்டு மேலே அனுப்பிக்கொண்டே இருந்தான். தகட்டுக்கு ஒன்றரை அடி கீழே கீற்றுப் பந்தல் கட்டினோம். மத்தியான வெயிலில் தகடு மட்டும் இருந்தால் மாடு இரைக்க ஆரம்பிக்கும், பால் குறையும்.

நோட்டு

எங்கள் பக்கம் மொய் விருந்துக்குப் பேர் போனது. ஆடியில் விருந்து வைத்து மொய் வாங்குவோம், யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவோம், அவரவர் முறை வரும்போது கூட்டித் திருப்பிச் செய்வோம். எழுதி வைப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவே இல்லை. எழுதாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கத்தில் கொட்டகைக்கு வந்தவர்களின் நாளையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மரம் நகர்த்த 16, குழி 11, கான்கிரீட் 9, கால் நிறுத்த 17, தகடு 10. மொத்தம் 63 ஆள்நாள்.

தகடு ஏற்றிய மறுநாள் சாயங்காலம் நோட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

"எங்க நாள எங்கப்பா எழுதியிருக்க?"

எனக்குப் பதில் வரவில்லை. பந்தலுக்கான கீற்று முழுவதையும் நாலு பெண்கள் மூன்று நாள் உட்கார்ந்து முடைந்திருந்தார்கள். விழுந்த மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முதுகு வலிக்க வலிக்க. வேலை நடந்த நாலு முக்கியமான நாளிலும் மூன்று பேர் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தார்கள். 12ம் 12ம் 24 நாள். அது என் கண்ணில் வேலையாகவே படவில்லை. அன்றைக்கே எழுதினேன். மொத்தம் 87.

செலவைச் சொல்லிவிடுகிறேன். தகடும் திருகாணியும் 48,000. சிமெண்ட் 9,250, ஜல்லி மணல் 9,000. மரம் வெட்ட 4,500, மில்லுக்கு 11,000. பட்டை, போல்ட் 9,500. ஆசாரிக்கு 9,600, கொத்தனாருக்கு 3,000. சாப்பாட்டுக்கு 14,000. எல்லாம் சேர்த்து சுமார் 1,18,000 ரூபாய். இதே அளவில் இரும்புக் குழாய்க் கொட்டகைக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் 2,10,000 கேட்டிருந்தார். மிச்சமான பணம் நண்பர்கள் உழைப்பால் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். பெரும்பகுதி மரத்தால் வந்தது. உழைப்புக்கு நான் பட்டிருப்பது கடன், அதைப் பணமாகக் கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கழித்தேன். ஒருவர் தோப்பில் தென்னங்கன்று நட நாலு நாள். இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் வேலை மூன்று நாள். திருப்பூர் நண்பனுக்கு ஊரில் யாரும் இல்லை, அவன் அம்மாவை மாசத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தேன். அது எத்தனை நாள் என்று அவனும் கேட்டதில்லை, நானும் எழுதவில்லை. அக்காவுக்கும் மற்றப் பெண்களுக்கும் என் மனைவி போய்க் கீற்று முடைந்தாள், வரகரிசி புடைத்தாள். இரண்டு வருஷத்தில் நோட்டில் பெரும்பாலான பெயர்களுக்கு நேரே கோடு விழுந்துவிட்டது.

ஐந்து வருஷம் கழித்து

2020 டிசம்பரில் புரெவி கொண்டுவந்த மழையில் தென்மேற்கு மூலையில் ஒழுகியது. நாலு பக்கச் சரிவுக் கூரையில் மூலைவாய்தான் சிரமம். இரண்டு சரிவும் சேரும் இடத்தில் மூடுதகடு அகலம் போதவில்லை, அகலமானதாக மாற்றியதும் சரியானது. மற்றபடி கூரை அசையவில்லை.

2024இல் மேற்கு வரிசையில் ஒரு காலின் அடி மிருதுவாகிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் பதிந்தது. சாரலும் அடித்து, செவலை மாடு முதுகு தேய்க்கும் இடமும் அதுதான், பூசின எண்ணெயெல்லாம் போய்விட்டது. போல்ட் போட்ட கால் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. மாமாவின் பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். அவனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் சவுக்கு முட்டு, நடுவில் ஜாக்கி. அவன்தான் ஜாக்கியை ஏற்றினான், மாமா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தபடி "போதும்டா, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போல்ட்டைக் கழற்றி இற்ற காலை உருவிவிட்டு, வயிரம் பாய்ந்த பனங்கால் ஒன்றை அதே பட்டைக்குள் இறக்கினோம். கஜாவில் சாயாமல் நின்று, பிறகு இடி விழுந்து பட்டுப்போன பனை அது. மூன்று மணி நேர வேலை. மறுநாள் காலையில் பால் கறக்கப் போனபோது செவலை புதுக்காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.